ராத்தாவுக்கு மொழிபெயர்த்த படம்

என் மகள் ஸாரா பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்ததும் "ததாய்மா" என்பாள். வந்துவிட்டேன் என்று அர்த்தம். வீட்டில் ஆள் இருந்தாலும் சொல்வாள், இல்லாவிட்டாலும் சொல்வாள். நான் உணவுப்பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில் வேலை முடிந்து வர மூன்றரை ஆகிவிடும். அதுவரைக்கும் எட்டு வயதுப் பிள்ளை தானே திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்து, வெறும் வீட்டைப் பார்த்து வந்துவிட்டேன் என்று சொல்லி, சப்பாத்தைக் கழற்றி, கதவுப் பக்கம் முகம் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போகும். எங்கள் ஊர் சாய்ந்தமருதில் எட்டு வயதுப் பிள்ளையின் கழுத்தில் வீட்டுத் திறப்பைக் கட்டி அனுப்பினால் பின்நேரத்துக்குள் தெருவே என் வாசலில் நின்றிருக்கும். இங்கே ஜப்பானில் அது ஒழுங்கு.

"ஆருக்குப் புள்ள சொல்ற?" என்று ஒருநாள் கேட்டேன். "வீட்டுக்கு" என்றாள், இதையெல்லாமா கேட்பார்கள் என்ற மாதிரி. எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல்படுவதற்கு எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பதும் தெரியும். என் உம்மாவும் ஆளில்லாத வீட்டுக்குள் சலாம் சொல்லித்தான் நுழைவார், எங்களுக்கும் அப்படித்தான் பழக்கினார். ஆனால் ஸாரா வீட்டோடு நிற்பதில்லை. சோற்றுக்குக் கைகூப்புகிறாள். இறுகிப்போன சப்பாத்தைக் குப்பையில் போடும்போது இவ்வளவு காலம் உழைத்ததற்கு நன்றி என்கிறாள். கதிரையில் இடித்துக்கொண்டால் கதிரையிடம் மன்னிப்புக் கேட்கிறாள். இப்படி எல்லாப் பொருளோடும் கதைத்துத் திரிகிற பிள்ளை, என்னோடு தமிழில் நாலு வசனம் சேர்த்துக் கதைக்கச் சொன்னால் மட்டும் களைத்துப்போகிறாள்.

நாங்கள் இங்கே வந்து ஒன்பது வருடம். ஜப்பானின் வடக்குக் கரையோரம், வயல் நடுவே கிடக்கிற ஒரு சின்ன நகரம். என் கணவர் நஸீர் பழைய வாகனங்களைக் கழற்றித் துண்டு துண்டாக்கி ஏற்றுமதி செய்கிற ஒரு யார்டில் வேலை செய்கிறார். மார்ச் வரைக்கும் பனி. மே மாதம் வாய்க்காலைத் திறந்துவிட்டால் ஒரே இரவில் ஊரெல்லாம் கண்ணாடி விரித்தமாதிரித் தண்ணீர் நிற்கும். முதல் வருடம் அதைப் பார்த்தபோது ஊரில் சாகாமத்து வயல்களின் விதைப்புக் காலம் ஞாபகம் வந்து நின்றுவிட்டேன். இப்போதெல்லாம் நிற்பதில்லை. சைக்கிளுக்குக் காற்றுப் போயிருக்கிறதா என்பதுதான் என் கவலை.

போன ஜூன் மாதம் ஸாராவின் வகுப்பில் ஒரு படம் போட்டார்கள். அரை மணி நேர அனிமே. பிறகு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள்: படத்தில் வருகிற சிறுமி நீதான் என்று நினைத்துக்கொண்டு, கதையை வீட்டில் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். கேட்டவர் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். இந்த நாட்டில் எதற்கும் ஒரு தாள் இருக்கும், தாளின் அடியில் பெற்றோர் ஒப்பம் இருக்கும். நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். "பிறகு சொல்லு மகள்" என்றேன். பிறகு என்ற சொல் அவளுக்குப் பிடிக்காது. என் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் என் ராத்தாவுக்கு வீடியோவில் அழைப்பெடுத்து, அவருக்குக் கதையைச் சொல்லிவிட்டு, தாளில் என் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டாள். பிழை என்னுடையதுதான். மீன் கருகியிருந்தாலும் பரவாயில்லை, அன்று நானே கேட்டிருக்க வேண்டும்.

ராத்தா என்றால் என் மூத்த சகோதரி பரீதா. ஸாராவுக்குப் பெரியம்மா. சாய்ந்தமருதில் அவரும் அவர் கணவர் மச்சானும் மட்டும்தான் வீட்டில். அவருக்கு ஸாரா சொன்ன கதை எப்படிப் போயிருக்கும் என்று பிறகு அவளைத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டேன். "வாய்க்காலுக்குப் போனன் பெரியம்மா. தண்ணிக்குள்ள ஒரு சிநேகிதி இரிந்தா. என்ர பேரக் கேட்டா. சொன்னன். மத்த ஆக்களுக்கு அவவத் தெரியா, எனக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு வருசமும் என்ன மறந்திருவா. நான் திரும்பப் போய்ப் பேரச் சொல்லுவன்." படம் என்ற சொல்லே இல்லை. பள்ளிக்கூடம் என்ற சொல்லும் இல்லை. அந்தச் சிறுமி நீதான் என்று டீச்சர் சொன்னதை அப்படியே செய்திருக்கிறாள், நல்ல மாணவி.

மறுநாள் காலை தொழிற்சாலை இடைவேளையில் போனைத் திறந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதினான்கு குரல்பதிவுகள். பதினொன்று ஹாரிஸ் காக்காவுடையவை. ஹாரிஸ் காக்கா எங்கள் மூத்த சகோதரர், அக்கரைப்பற்றில் புடவைக்கடை வைத்திருக்கிறார். குடும்பத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் தலைமை தாங்குவது அவர்தான். ராத்தா மச்சானிடம் சொன்ன கதை இரவோடிரவாக அவருக்குப் போயிருந்தது. "தண்ணியில இரிக்கிற ஜின் புள்ளயில ஒட்டியிரிக்கி. நான் மௌலவிட்டக் கதைச்சிட்டன். வாய்க்கால் பக்கம் புள்ளய விடாத. ஆயத்துல் குர்ஸி ஓதித் தண்ணியில ஊதிக் குடுக்கணும். ஓதின தண்ணியக் கூரியர்ல அனுப்பலாமோ எண்டு விசாரிக்கிறன்." நான் திருப்பி எழுதினேன்: அது படம், பள்ளிக்கூடத்தில் காட்டிய படம். அதற்கும் பதில் வந்தது, மேலும் நான்கு குரல்பதிவுகளாக: பள்ளிக்கூடத்தில் ஏன் ஜின் படம் காட்டுகிறார்கள், அந்தப் பள்ளிக்கூடத்தை மாற்ற ஏலாதா, நஸீருக்கு இதெல்லாம் தெரியுமா?

நஸீருக்குத் தெரியும். அவர் சோற்றில் கறியைப் பிசைந்துகொண்டே "ஒண்டும் இல்ல, விடு" என்றார். எங்கள் பத்து வருடத் திருமணத்தில் அவர் அதிகம் சொன்ன வசனம் இதுதான். வாடகை வீட்டின் கூரை ஒழுகியபோதும், எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் நிற்காமல் போனபோதும் இதைத்தான் சொன்னார். நல்ல மனுசன்தான். ஆனால் சில நேரம் அந்தச் சோற்றுத் தட்டை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று யோசிப்பேன்.

படத்தில் வருவது உண்மையில் என்ன, பேயா வேறெதுவுமா என்று டீச்சரிடமே கேட்டால் காக்காவுக்கு ஒரு தெளிவான பதில் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு சொல்தான் எனக்கு வேண்டும். வேலை இல்லாத ஒருநாள் ஸாராவைக் கூட்டிவரப் போனபோது வாசலில் டீச்சரைக் கண்டு, என் அரைகுறை ஜப்பானிய மொழியில், "படத்தில் வந்த சிநேகிதி, அது பேயா? என் குடும்பம் கவலைப்படுகிறது" என்றேன். டீச்சருடைய முகம் வெளுத்துவிட்டது. ஸாரா பயந்து போயிருக்கிறாள் என்று விளங்கிக்கொண்டார். இடுப்பு வரைக்கும் குனிந்து மன்னிப்புக் கேட்டார். நான் இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். இன்னும் தாழக் குனிந்தார். அடுத்த நாள் வீட்டுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் வந்தது. அதோடு மனநல ஆலோசகரைச் சந்திக்க ஒரு நேரமும் குறித்து அனுப்பியிருந்தார்கள், அடியில் பெற்றோர் ஒப்பம். நான் தேடிப்போன சொல்லை ஸாராதான் கடைசியில் சொன்னாள்: "செய்ரெய் உம்மா. பேய் இல்ல. செத்த ஆள் இல்ல. தண்ணிட ஆள்." தண்ணீரின் ஆள். இதை ஹாரிஸ் காக்காவிடம் எப்படிச் சொல்வது?

இந்த அமளி எல்லாவற்றிலும் பரீதா ராத்தா குழுவில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆனால் தனியாக எனக்கு அழைப்பெடுத்தார். முதல் நாள், "அந்தப் புள்ளைக்கு எத்தின வயசாம்?" என்று கேட்டார். எந்தப் பிள்ளை என்று கேட்டேன். "வாய்க்காலுக்குள்ள இரிக்கிற புள்ள." எனக்குத் தெரியாது என்றேன். இரண்டு நாள் கழித்துத் திரும்ப எடுத்தார். "தலமுடி நீளமா, கட்டயா? ஸாராட்டக் கேட்டியா?" நான் அப்போது தொழிற்சாலைச் சீருடையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துவிட்டேன். மூன்றாவது தடவை எடுத்தது ஆலோசகரைச் சந்தித்துவிட்டு வந்த பின்நேரம். அந்த அம்மா முக்கால் மணி நேரம் ஸாராவுக்குப் படம் கீறக் கொடுத்துவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறாள், தாய்தான் களைத்திருக்கிறார் என்று எழுதித் தந்திருந்தார். அந்தத் தாள் என் கையில் இருக்கும்போதே போன் அடித்தது.

"அவளுக்கு முன்பல்லு இரிக்கா?" என்றார் ராத்தா.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "அது படம் ராத்தா! கீறின படம்! ஆரோ கடதாசியில கீறி வச்சிரிக்கான். வாய்க்காலும் இல்ல, புள்ளயும் இல்ல. காக்கா ஒரு பக்கம், டீச்சர் ஒரு பக்கம், இப்ப நீங்களும் தொடங்கிட்டீங்களா?"

ராத்தா, குரலை உயர்த்தாமல், "படம் எண்டு எனக்குத் தெரியும் ரிஸ்னா. முன்பல்லு இரிக்கா எண்டுதான் கேட்டன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ராத்தாவுக்கு ஒரு மகள் இருந்தாள். ஹஸ்னா. சுனாமிக் கடல் வந்த அன்று அவளுக்கு ஆறு வயது. மேல்வரிசையில் இரண்டு முன்பல்லும் விழுந்து, புதுப்பல் இன்னும் முளைக்காத வாய். நான் அப்போது பதினாறு வயதுப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை டியூசன் என்று அக்கரைப்பற்றில் காக்கா வீட்டில் இருந்தேன். ராத்தாவின் வீடு கடற்கரையிலிருந்து மூன்றாவது வளவு. தண்ணீர் வந்தபோது ராத்தா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். பிடித்திருந்தது தெரியும், விட்டது எப்போது என்று தெரியாது என்றுதான் அன்று மாலை பள்ளிவாசல் முற்றத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் அடுத்தடுத்த நாள்களில் மையித்துகளை வரிசையாகக் கிடத்தினார்கள். காக்காவும் மச்சானும் நிந்தவூரிலிருந்து மருதமுனை வரைக்கும் ஒவ்வொரு வரிசையாகப் போய்ப் பார்த்தார்கள். ஹஸ்னா கிடைக்கவில்லை. அடக்கிய கபுறு இல்லை. போய் நின்று ஓதி ஸியாரத் செய்ய ஒரு பிடி மண் இல்லை. அதற்குப் பிறகு ராத்தா கடற்கரைப் பக்கம் போனதேயில்லை. அரசாங்கம் உள்பக்கம் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். வேறு பிள்ளை பிறக்கவில்லை. வீட்டில் யாரும் அவளுடைய பெயரைச் சொல்வதில்லை என்று நாங்கள் யாரும் கூடி முடிவெடுக்கவில்லை, ஆனால் யாரும் சொல்லவில்லை. நல்லெண்ணத்தில்தான். ராத்தா முன்னால் முன்பல் விழுந்த பிள்ளைகளைக் கூடக் கொஞ்சமாட்டோம். ஸாராவுக்கு முன்பல் விழுந்த மாதங்களில் நான் வீடியோ அழைப்புகளைக் குறைத்துக்கொண்டேன். அதை நஸீருக்குக் கூடச் சொல்லவில்லை.

ஆகவே இத்தனை நாளும் ராத்தா ஜின்னைப் பற்றிக் கேட்கவில்லை. நான்தான் காதில் விழுந்த எல்லாவற்றையும் ஒரே எரிச்சலோடு ஒரே மூட்டையில் போட்டுக் கட்டியிருக்கிறேன்.

"பாத்திட்டுச் சொல்றன் ராத்தா" என்றேன்.

"எனக்குப் படத்தக் காட்டு" என்றார். "நீ சொல்லித் தா, நான் பாக்கிறன்."

கேட்பதற்கு எளிது. படம் இணையத்தில் இல்லை. பள்ளிக்கூடத்தில் இரவலாகத் தர விதியில்லை, அதற்காகவும் டீச்சர் ஒருமுறை குனிந்தார். நகர நூலகத்தில் ஒரு டிவிடி இருந்தது. ஆனால் அங்கேயே ஒரு சின்னப் பெட்டிக்குள் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். போனில் வீடியோ எடுத்து வெளிநாட்டில் இருக்கிற ராத்தாவுக்குச் சத்தமாக மொழிபெயர்க்கப் போகிறேன் என்று சொன்னால் அந்த நூலகர் மயங்கி விழுந்திருப்பார். வீட்டுக்கு எடுத்துப்போகவும் ஒரு பிரதி உண்டாம், எனக்கு முன்னால் மூன்று பேர் பதிவு செய்திருந்தார்கள். மூன்று வாரம் காத்திருந்தேன். கையில் கிடைத்த அன்றுதான் தெரிந்தது, எங்கள் வீட்டில் டிவிடி போடுகிற எதுவுமே இல்லை. டிவியும் இல்லை, மடிக்கணினியில் தட்டைச் செருகுகிற வாயும் இல்லை. திருப்பிக் கொடுக்க ஒரு வாரம்தான் தவணை. குசினித் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு படத்துக்காக அழுகிறவள் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

நஸீர் வந்து பார்த்தார். வழக்கமான வசனத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. என்ன விஷயம் என்று கேட்டார். முதல் தடவையாக முழுவதையும் சொன்னேன், முன்பல் உட்பட. அவர் கை கழுவப் போனார். அடுத்த நாள் யார்டிலிருந்து வரும்போது ஒரு பழைய வேனிலிருந்து கழற்றிய, சாரதிக்குப் பாதை காட்டும் திரையும், ஒரு வாகன பட்டரியும், இரண்டு வயரும் கொண்டுவந்தார். அந்தத் திரையில் டிவிடி போடுகிற வாய் இருக்கிறது. பாய்த் தரையில் பத்திரிகை விரித்து, பட்டரியை வைத்து, வயரை முறுக்கிக் கொடுத்தார். திரை வெளிச்சம் பிடித்ததும் ஜப்பானியப் பெண்குரல் ஒன்று இருக்கைப் பட்டியை அணியும்படி சொன்னது. ஸாரா விழுந்து விழுந்து சிரித்தாள். நஸீர் அதற்கும் சிரிக்காமல், திரையில் வெளிச்சம் விழாமல் யன்னல் சீலையை இழுத்துவிட்டுவிட்டு வெளியே போய்விட்டார். பெண்கள் பார்க்கட்டும் என்று நினைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை, இங்கே இரண்டரை மணி, அங்கே பதினொன்று. போனைச் சோற்றுச் சட்டியின் மூடியில் சாய்த்து வைத்தேன். ராத்தா கண்ணாடி போட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, ஏதோ விருந்தாளி வீட்டுக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மச்சான் கடைக்குப் போயிருந்தார். ஸாரா என் மடியில்.

மொழிபெயர்ப்பு முதல் நிமிடத்திலேயே இடறியது. செய்ரெய் என்பதற்கு என்ன சொல்வது? ஜின் என்றால் காக்கா வந்து குந்திவிடுவார். பேய் என்றால் பிழை. ரூஹ் என்றால் செத்தவர்களுடையது. ஆவி என்றால் இட்டலிச் சட்டி. நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு ராத்தா, "வாய்க்கால்காரி எண்டு சொல்லிட்டுப் போ புள்ள" என்றார். அதற்குப் பிறகு இலகுவாகிவிட்டது.

கதை இதுதான். வயல் நடுவே ஒரு வாய்க்கால். வசந்தத்தில் தண்ணீர் திறந்துவிட்டதும் வாய்க்கால்காரி எழும்புவாள், அறுவடைக்கு முன் தண்ணீரை மறித்ததும் உறங்கிப்போவாள். ஊர்ச் சிறுமி ஒருத்திக்கு மட்டும் அவள் தெரிகிறாள். இருவரும் சிநேகிதமாகிறார்கள், புல்லில் படகு செய்து விடுகிறார்கள், தவளையைத் துரத்துகிறார்கள். அடுத்த வருடம் தண்ணீர் வந்ததும் சிறுமி ஓடிப்போனால் வாய்க்கால்காரி "நீ ஆர்?" என்று கேட்கிறாள். புதுத் தண்ணீருக்குப் பழைய ஞாபகம் இல்லை. சிறுமி அழுகிறாள், பிறகு பெயரைச் சொல்கிறாள், முதலிலிருந்து தொடங்குகிறார்கள். இப்படியே வருடா வருடம். சிறுமி வளர்கிறாள், மற்றவள் வளரவில்லை.

வாய்க்கால்காரி முதல் தடவை வாய் திறந்து சிரித்த இடத்தில் ராத்தா திரைக்குக் கிட்ட வந்தார். அவருடைய மூக்கும் கண்ணாடியும் மட்டும் என் போனில் தெரிந்தன. வாய்க்கால்காரியின் பல் வரிசையாக, வெள்ளையாக, ஒன்றும் குறையாமல் இருந்தது.

"பல்லெல்லாம் இரிக்கி" என்றார்.

"ஓம் ராத்தா."

மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். அவர் முகத்தில் இருந்தது ஆறுதலா, ஏமாற்றமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. படத்தை நிறுத்தவா என்று கேட்டேன். "ஏன்? போடு" என்றார்.

கடைசிப் பகுதியில் சிறுமி பெரிய பெண்ணாகி நகரத்துக்குப் போய்விட்டாள். அந்த வாய்க்காலை மூடிக் குழாய் பதிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊருக்கு வருகிறாள். வாய்க்கால்காரி வழக்கம் போல "நீ ஆர்?" என்று கேட்கிறாள். அந்தப் பெண் வாயைத் திறக்கிறாள், பிறகு மூடுகிறாள். பெயரைச் சொன்னால் சிநேகிதம் திரும்பத் தொடங்கும், அது நாளைக்கு முடிந்துபோகும், மற்றவள் நோவாள். ஆகவே, "ஆருமில்ல, இந்தப் பக்கமாப் போறவள்" என்கிறாள். வாய்க்கால்காரி சிரித்து, வழிப்போக்கருக்குக் கொடுப்பது போல ஒரு புல்படகைக் கொடுக்கிறாள். அவள் வாங்கிக்கொண்டு நடக்கிறாள். படம் முடிகிறது. முதல் தடவை நானும் அதை ஒழுங்காகப் பார்த்தேன். ஸாரா ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். எவ்வளவு அழகான முடிவு என்று நினைத்தேன்.

ராத்தா அழவில்லை. கோபமாக இருந்தார்.

"அவள் ஏன் பேரச் சொல்லல்ல?"

"மத்தவள் கவலப்படக் கூடாதெண்டு ராத்தா."

"கவலப்பட்டா என்ன? கவலப்படட்டுமே. பேரச் சொல்லியிரிக்கணும். அத்தின வருசம் பழகிட்டு ஆருமில்ல எண்டு சொல்லிட்டுப் போறாளே, அது என்ன கொடும!"

"அது அன்பில…"

"நீங்களும் அன்பிலதான்." ராத்தா கண்ணாடியைக் கழற்றினார். "ஹஸ்னாட பேர இந்த வீட்டில ஆர் சென்னீங்க? காக்கா சென்னாரா? நீ சென்னியா? உங்கட மச்சான் அவள்ற உடுப்பெல்லாம் எங்க குடுத்தாரெண்டு எனக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியா. நான் கேட்டா எல்லாரும் கதைய மாத்திறீங்க. எனக்கொரு புள்ள இரிந்தாள் எண்டு கதைக்க எனக்கு ஒரு ஆள் இல்ல. எட்டு வயசுப் புள்ள வந்து தண்ணிக்குள்ள ஒரு சிநேகிதி இரிக்கா எண்டு சொல்லக்குள்ளதான் எனக்குக் கேக்க வாய் வந்திச்சி."

என் மடியிலிருந்த ஸாரா நிமிர்ந்தாள். "ஹஸ்னா ஆரு?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். பழக்கம், கதையை மாற்றத்தான் திறந்திருப்பேன். ராத்தா முந்திக்கொண்டார். "உனக்கு ராத்தா மொற, மகள். பெரியம்மாட புள்ள. அப்ப உன்ன விடச் சின்னவள். கடலுக்குள்ள போயிட்டாள்." அவளுக்குப் பிடித்த விளையாட்டு என்ன என்று ஸாரா கேட்டாள். ராத்தா சொல்லத் தொடங்கினார். நான் எழும்பிப்போய் பட்டரி வயரைக் கழற்றினேன். நல்ல நேரம், கைக்கு ஏதோ ஒரு வேலை இருந்தது. அவர்கள் இருவரும் நாற்பது நிமிடம் கதைத்தார்கள். ஸாராவுக்குத் தமிழில் களைப்பு வரவில்லை.

டிவிடியைக் கொடுக்க நூலகத்துக்குப் போகிற அன்று ராத்தா திரும்ப அழைத்தார். நான் வயல் ரோட்டில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். "வாய்க்கால் உங்கட பக்கம் இரிக்காமே, ஸாரா சென்னாள். காட்டு பாப்பம்" என்றார். வெயில், வேலைக்களைப்பு, நூலகம் ஐந்து மணிக்குப் பூட்டுகிறது. இருந்தும் இறங்கினேன். வரம்போரமாகக் குந்தி, காதில் கம்பியில்லாக் கேட்பானை மாட்டிக்கொண்டு, போனைத் தண்ணீருக்குக் கிட்டப் பிடித்தேன். இடுப்பளவு ஆழமில்லை, முழங்கால் வரைக்கும்தான். கொங்கிரீட் கரை, அடியில் பாசி, மேலே வேகமாக ஓடுகிற தெளிந்த தண்ணீர்.

பக்கத்து வயலில் புல்லு வெட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். "நானிகா ஒதொஷிமஷித்த கா?" என்றார். ஏதாவது விழுந்துவிட்டதா என்று கேட்கிறார். அதே நேரம் காதில் ராத்தா, "தண்ணி ஓடுதா?" என்று கேட்டார். நான் ராத்தாவுக்குத்தான் ஓம் சொல்ல நினைத்தேன். ஒன்பது வருடப் பழக்கத்தில் வாயில் வந்தது "ஹாய்," ஜப்பானிய ஓம்.

முதியவர் தலையாட்டினார். கையுறையைக் கழற்றி வரம்பில் வைத்தார். நான் பதறி "தைஜோபு, தைஜோபு" என்றேன். பரவாயில்லை, வேண்டாம் என்றுதான் சொன்னேன். இந்த நாட்டில் அதை எவ்வளவு கூடுதலாகச் சொல்கிறோமோ அவ்வளவு உதவி தேவை என்று எடுத்துக்கொள்வார்கள். அவர் பூட்ஸ் காலோடு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். குனிந்து, கையை முழங்கை வரை விட்டு, பாசிக்குள் துழாவினார்.

"ஆர் அது? என்ன தேடுறார்?" என்றார் ராத்தா.

"நாங்க எதையோ தண்ணியில விட்டிட்டம் எண்டு நினச்சிட்டார் ராத்தா. நான் பிழையாச் சொல்லிட்டன். பொறுங்க, சொல்லி நிப்பாட்டிறன்."

ராத்தா திரையில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தேடட்டும்" என்றார்.

முதியவர் தண்ணீருக்குள் இருந்தபடி நிமிர்ந்து என்னவோ கேட்டார்.

"என்ன கேக்கிறார்?"

"என்ன நிறம் எண்டு கேக்கிறார்."

"மஞ்சள்" என்றார் ராத்தா, யோசிக்காமல். "மஞ்சள் சட்ட. கழுத்தில வெள்ள நாடா."

கடல் வந்த அன்று ஹஸ்னா என்ன உடுத்தியிருந்தாள் என்பது இத்தனை வருடமும் எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. நூலகம் பூட்டப் போகிறது. இந்த மனிதரிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்குரிய மரியாதைச் சொற்களும் எனக்குத் தெரியும். போனை இன்னும் கொஞ்சம் தாழப் பிடித்து, அவரைப் பார்த்து, "கீரொ தெசு" என்றேன். மஞ்சள் நிறம்.

"ஹாய்" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பக் குனிந்தார். ராத்தாவும் போனுக்குக் கிட்டக் குனிந்தார்.